படத்தில் தெரியாத வலி

தோட்டத்து மாரியம்மன் கோயில் பால்குட ஊர்வலத்தில் ஒரு மனிதர் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். மேளம் அடித்தவர்கள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு முன்னால் மஞ்சள் சேலை கட்டி, தலையில் பால்குடத்தோடு அவர் மனைவி நடந்துகொண்டிருந்தார். செம்பனை மரங்களுக்கு நடுவே பாதை மேடேறத் தொடங்கும் இடத்தில் அந்த அம்மாள் நின்று ஒரு கையைப் பின்னால் நீட்டினார். நாற்காலி இறங்கியது. ஊர்வலத்தின் நட்டநடுவில், குடத்தைத் தலையிலிருந்து இறக்காமல் அவர் உட்கார்ந்துகொண்டார். பின்னால் வந்தவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்து அவரைச் சுற்றிப் போனார்கள்.

"என்னம்மா, சாமி குடத்த வச்சுக்கிட்டு நடு ரோட்டுல உக்காந்துட்டே?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"நெஞ்சு வலிக்குதுங்க. உக்காந்தா கொறையும். கொறைஞ்சதும் வந்துருவேன். ஆத்தா எங்கயும் போயிட மாட்டா."

அந்தக் குரலில் வெட்கமும் இல்லை, முனகலும் இல்லை. டயர் மாற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்கிற குரல். கொஞ்ச நேரத்தில் எழுந்தார். நாற்காலி மறுபடி கணவரின் தலைக்கு ஏறியது. எல்லாருக்கும் கடைசியாகத்தான் கோயிலுக்கு வந்து சேர்ந்தார். ஆனால் வந்து சேர்ந்தார்.

அவர்தான் எங்கள் வேன் அக்கா. மந்தின் என்ற சிறு பட்டணத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு நான் ஜொகூரிலிருந்து மாற்றலாகி வந்தபோது என்னிடம் கார் இல்லை. மந்தின் கடைவீதிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தோட்டத்தில் ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பாதிக் குடும்பங்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டன. பிள்ளைகளை மட்டும் பழைய பள்ளிக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் அக்காவுடையது. முன் சீட்டு எனக்கு. பள்ளி நாள் ஒவ்வொன்றும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எனக்குத் தொடங்கியது.

ஐம்பதை நெருங்கும் வயது. அகலமான தோள். ஸ்டியரிங்கை ஆட்டுக்கல்லைச் சுற்றுவதுபோலச் சுற்றுவார். அவருக்குச் சர்க்கரை இருந்தது, பிரஷர் இருந்தது, இரண்டையும் மறைக்கிற பழக்கம் மட்டும் இல்லை. யாராவது "ஒன்னுமில்ல" என்று சொன்னால் அவரால் அதை விட்டுவிட்டுப் போக முடியாது. கோபப்பட மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். "சரி, ஒன்னுமில்ல. அப்ப இது என்ன?" என்று கேட்பார். பதில் வரும்வரை அதையே கேட்பார்.

வேனில் ஒரு சிறுமி பல நாட்களாகத் தலையைச் சாய்த்தே உட்கார்ந்து வந்தாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அக்கா அவள் அம்மாவைக் கேட்டார், அம்மாவும் அதையே சொன்னாள். "ஒன்னுமில்லாம புள்ள ஏன் ஒரு பக்கமா சாயுது?" என்று அக்கா வாசலிலேயே வேனை நிறுத்திவிட்டார். பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அந்தத் தாய் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். காதுக்குள் சீழ் கட்டியிருந்தது.

இன்னொரு முறை தோட்டத்துப் பின்வாசல் கேட்டை யாரோ பூட்டிவிட்டார்கள். வேன் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. காவலாளி உத்தரவு என்றார். கிராணி, அதாவது ஆபிஸ் குமாஸ்தா, தனக்குத் தெரியாது என்றார். அக்கா மேனேஜர் வரும்வரை ஆபிஸ் படியில் உட்கார்ந்திருந்தார். வந்தவரிடம் மலாயில் மரியாதையாகக் கேட்டார், இந்தப் பூட்டை யார் போடச் சொன்னது என்று. மேனேஜருக்கே தெரியவில்லை. செம்பனைக் குலை திருடுபவர்களுக்காக எப்போதோ போட்ட உத்தரவு, யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த நாள் காலையில் கேட் திறந்திருந்தது.

அப்படிப்பட்டவரிடம்தான் டாக்டர்கள் ஒன்றுமில்லை என்றார்கள்.

முதலில் அது மூச்சு வாங்குவதாகத்தான் வந்தது. வேனைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால் நெஞ்சின் நடுவில் கனம். மாடிப்படி ஏறினால் இடது தோளும் தாடையும் இழுக்கும். பிறகு யாரிடமாவது வாக்குவாதம் வந்தால், மழை பெய்து காலை குளிர்ந்தால், சில நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட வந்தது. வந்தால் உடனே போகாது. வேலையை நிறுத்திய பிறகும் நெடுநேரம் அமுக்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு கிளினிக்கில் வாயு என்று வெள்ளை மருந்து கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் ஈசிஜி எடுத்து, நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர் விடாமல் போய்க்கொண்டே இருந்ததால், கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கை வழியாகக் குழாய் விட்டு இருதயத்து ரத்தக்குழாய்களைப் படம் எடுத்தார்கள். படம் சுத்தமாக இருந்தது. எங்கும் அடைப்பு இல்லை.

வீட்டில் அன்று பாயசம் வைத்தார்கள். கணவர் எனக்கும் ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பினார். மறுநாள் வேனில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"டாக்டர்கிட்ட கேட்டேன் டீச்சர். அடைப்பு இல்லன்னா சந்தோஷம். அப்ப இது என்ன? நேத்து பாயசம் கிண்டறப்பவும் வலிச்சிச்சே."

"என்ன சொன்னாரு?"

"டென்ஷன் கொறைங்கன்னாரு. நல்லா தூங்கச் சொன்னாரு. தூக்கத்துல வந்தா என்ன செய்யன்னு கேட்டேன். அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாரு."

வலி நிற்கவில்லை. ஆனால் இப்போது அதைச் சொல்வதற்கு இடம் இல்லாமல் போயிற்று. படம் எடுத்தாகிவிட்டது, சுத்தம் என்று சொல்லியாகிவிட்டது. அதற்கு மேலும் நெஞ்சைப் பிடித்தால் பார்ப்பவர்களின் கண்ணில் ஒரு மாற்றம் தெரிந்தது. கணவரின் தங்கை மம்பாவில் இருந்தார், அடிக்கடி வந்து போவார். ஒரு நாள் நான் இருக்கும்போதே சொன்னார்: "வேன் ஓட்ட அலுப்பா இருந்தா அலுப்பா இருக்குன்னு சொல்லலாம்லா அண்ணி. இதுக்கு ஏன் நெஞ்சு வலி? படத்துலதான் ஒன்னுமில்லயே."

அக்கா அப்போது மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். கை நின்றது. "படத்துல இல்ல. எனக்கு இருக்கு" என்று மட்டும் சொன்னார். கணவர் ஜன்னலுக்கு வெளியே சிகரெட் புகையை விட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு காலை. மழை விட்டு, தோட்டத்துச் சாலை வழுக்கிக்கொண்டிருந்தது. வேன் நிறையப் பிள்ளைகள். மேடு ஏறும்போது அக்கா திடீரென்று சிக்னல் போட்டு ஓரம் கட்டினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். என்ஜினை அணைத்துச் சாவியை உருவி என் மடியில் வைத்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"டீச்சர், பள்ளிக்கூடத்துக்குப் போன் போடுங்க. யாராவது கார்ல வந்து புள்ளைங்கள ஏத்திக்கட்டும். நான் இன்னிக்கு ஓட்ட மாட்டேன்."

பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் பள்ளிக்குப் போன் போட்டேன். அக்கா கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னன்னு தெரியற வரைக்கும் இந்த ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்" என்றார். "எனக்கு ஒன்னுமில்லன்னு அவங்க சொல்லலாம். இத்தன புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் சொல்லக் கூடாது."

சொன்னபடியே செய்தார். மந்தினிலிருந்து ஓர் ஓட்டுநரை வைத்தார். வருமானம் பாதியாயிற்று. நாத்தனார் சொன்னது சரிதான் என்று தோட்டத்தில் சிலர் பேசிக்கொண்டார்கள். அக்கா அதற்காக வீட்டில் முடங்கவில்லை. பின் சீட்டில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து வந்தார். புது ஓட்டுநர் வளைவில் வேகம் போனால் பின்னாலிருந்து குரல் வரும்: "தம்பி, என்ன அவசரம்? பிரேக் எங்க இருக்குன்னு தெரியுமா, நான் வந்து காட்டணுமா?"

அந்த மாதங்களில்தான் அவர் மறுபடி ஒவ்வோர் இடமாகக் கேட்கப் போனார். சர்க்கரைக்குப் போகும் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு டாக்டர் அவர் சொன்னதை முழுதாகக் கேட்டு, வேறொரு ஊரில் இருக்கும் இருதய நிபுணருக்கு எழுதிக் கொடுத்தார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன். கணவரும் வந்தார்.

நிபுணர் ஒரு மலாய்ப் பெண்மணி, கண்ணாடி போட்ட சின்ன முகம். அவரும் அக்காவும் மலாயில்தான் பேசினார்கள். நான் பக்கத்தில் இருந்து கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்.

"அந்தப் படத்துல அடைப்பு இல்லைங்கறது உண்மைதான்மா" என்று டாக்டர் ஆரம்பித்தார். "ஆனா அதுல தெரியறது பெரிய ரத்தக்குழாய் மட்டும். அதுலேர்ந்து பிரிஞ்சு பிரிஞ்சு ரொம்ப மெல்லிசான குழாய்ங்க இருதயத் தசைக்குள்ள போகுது. அதெல்லாம் படத்துல தெரியாது. நீங்க படி ஏறினா, கோபப்பட்டா, இருதயத்துக்கு ரத்தம் கூடுதலா வேணும். அந்தச் சின்னக் குழாய்ங்க விரிஞ்சு குடுக்கணும். உங்களுக்கு அது சரியா விரியாம இருக்கலாம். இல்லன்னா இறுக்கிப் பிடிக்கலாம்."

"அப்ப அடைப்பு இல்லாமலே வலிக்குமா?"

"வலிக்கும். இருதயத்துக்கு ரத்தம் பத்தலன்னா வலிக்கும். பத்தாமப் போறதுக்கு அடைப்பு ஒரு காரணம், அவ்வளவுதான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, "இருக்கலாம்னு சொல்றீங்க. இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்றார்.

டாக்டர் சிரித்தார். அதற்கு ஒரு சோதனை உண்டு, மருந்து செலுத்தி ரத்த ஓட்டம் எவ்வளவு கூடுகிறது என்று அளப்பார்கள், கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்றார். காத்திருந்தார். சோதனை நடந்தது. முடிவு சொல்லும் நாளிலும் நான் போயிருந்தேன். சின்னக் குழாய்களில்தான் கோளாறு, சந்தேகமில்லை என்று டாக்டர் சொன்னார். வருஷக்கணக்கான சர்க்கரையும் பிரஷரும் அந்தக் குழாய்களைக் கெடுத்திருக்கலாம், மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது என்றார்.

"போயிடுமா டாக்டர்?"

"போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். கட்டுக்குள்ள வைக்கலாம். நிறைய பேரு நல்லா வாழறாங்க."

"இது ஆபத்தா?"

"கவனிக்காம விட்டா ஆபத்து. மாரடைப்பு வரலாம், இருதயம் பலவீனமாகலாம். அதனாலதான் விடக் கூடாதுன்னு சொல்றேன்."

வெளியே வந்ததும் அக்காவின் முகத்தைப் பார்த்தால் பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம்போல இருந்தது. "இருக்குன்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்குன்னு சொல்லிட்டாங்க."

ஆஸ்பத்திரிக் கேன்டீனில் உட்கார்ந்தோம். கணவருக்கு முன்னால் மீ கோரேங் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. அவர் முள்கரண்டியைத் தொடவில்லை.

"சீக்கு இருக்குன்னு சொல்லியிருக்காங்க. நீ சிரிக்கறே" என்றார்.

"ஒன்னுமில்லன்னு சொல்றப்பதான் எனக்குப் பயமா இருந்திச்சு. என்னமோ ஒன்னு ஒடம்புல இருந்துக்கிட்டு அமுக்குது, அதுக்குப் பேரே இல்லன்னா எப்படி? இப்ப பேரு தெரிஞ்சிருச்சு. மருந்து இருக்கு. என்ன செய்யணும்னு தெரியும்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது. "தங்கச்சி சொன்னத நானும் பாதி நம்பினேன்" என்றார்.

"தெரியும்" என்றார் அக்கா. "மீ ஆறுது, சாப்பிடுங்க."

அதற்குப் பிறகு நான் பார்த்தது, பின்வாசல் கேட்டைத் திறக்கவைத்த அதே பெண் தன் உடம்போடு உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தியதை. மருந்து உடனே கைகொடுக்கவில்லை. முதலில் கொடுத்த மாத்திரையில் கால் வீங்கியது. வேறொருவராக இருந்தால் மாத்திரையைக் குப்பையில் போட்டிருப்பார். அக்கா அடுத்த வாரமே டாக்டர் முன் போய்ச் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார். மாற்றிக் கொடுத்தார்கள். புதியதில் உடம்பு அசந்தது. மறுபடி போனார், அளவைக் குறைத்தார்கள். எது தனக்கு ஒத்துவருகிறது என்று தெரியப் பல மாதங்கள் ஆயின. வலி வந்தால் நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ள ஒரு ஸ்பிரே கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்துகொண்டுதான் அடிக்க வேண்டும், தலை சுற்றும். அடித்தும் அடங்காவிட்டால், அல்லது வழக்கமான வலிபோல இல்லாமல் வேறு மாதிரி இருந்தால், யோசிக்காமல் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். இதைக் கணவருக்கும் வேன் பிள்ளைகளுக்கும் எனக்கும் சொல்லிக்கொடுத்து, திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

தே தாரிக் என்கிற, தூக்கி ஆற்றிய பால் டீயை விடுவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மந்தின் மாமாக் கடையில் பெரிய கிளாஸில் நுரை ததும்ப வாங்கிக் குடித்தே காலையைத் தொடங்கியவர். கடைக்காரர், ராமநாதபுரத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்த முஸ்லிம் மாமா, ஒன்றும் கேட்காமலே பாலும் சீனியும் இல்லாத தே ஓவை நீட்டுவார். அக்கா அதைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். "மாமா, இதுக்குக் காசு வாங்க உங்களுக்கே வெக்கமா இல்ல?" என்பார்.

வீட்டுக்குள் புகை கூடாது என்று டாக்டர் சொன்னார். கணவர் வாசலுக்குப் போனார். வாசல் புகையும் உள்ளே வருகிறது என்று அக்கா சொன்னார். அவர் கேட்டுக்கு வெளியே போனார். பிறகு அங்கே நின்று மழையில் நனைவதைவிடப் பழக்கத்தை விட்டுவிடுவதே மேல் என்று விட்டுவிட்டார். அவர் நாற்காலி தூக்கத் தொடங்கியது அதற்கு அப்புறம்தான். யாரும் அவரைத் தூக்கச் சொல்லவில்லை. எங்கே உட்கார வேண்டிவரும் என்று தெரியாத ஒரு மனைவியோடு வெளியே போகிறவருக்கு அதுதான் சுலபம் என்று அவரே முடிவுசெய்துகொண்டார். சந்தைக்கு, கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, எங்கே போனாலும் நாற்காலி கூடப் போனது.

டாக்டர் பார்த்து, ஓட்டலாம் என்று சொன்ன பிறகுதான் அக்கா மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பின் சீட்டிலிருந்து வந்த கண்டிப்பு போய்விட்டதில் அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

நான் அந்தப் பள்ளியில் இருந்த கடைசி வருஷம், மம்பாவில் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். அக்கா என்னையும் கூட்டிப் போனார். மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம். சமையலறையில் நாத்தனார் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, பவுடரின் மேல் வியர்வை கோடு கோடாக ஓடியது. ஒரு கை தாடையில். யாரோ இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரோ முதுகில் தைலம் தேய்த்தார்கள். காலையிலிருந்து சாப்பிடவில்லை, வாயுதான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா சத்தமில்லாமல் அவர் முன் குந்தி உட்கார்ந்தார்.

"எங்க வலிக்குது?"

"ஒன்னுமில்ல அண்ணி. நீங்க போய் வாசல்ல நில்லுங்க."

"ஒன்னுமில்லன்னா தாடைய ஏன் புடிச்சுக்கிட்டு இருக்கே? நெஞ்சு குத்துதா, அமுக்குதா?"

"அரிசி மூட்டைய எறக்கி வச்ச மாதிரி இருக்கு. முதுகு வரைக்கும் போகுது" என்றார் நாத்தனார்.

அக்கா எழுந்து கைப்பேசியில் ஆம்புலன்சுக்குப் பேசினார். வீட்டு முகவரியையும் வலியையும் தெளிவாகச் சொன்னார். கூட்டத்தில் ஒருவர், "உங்ககிட்டதான் ஸ்பிரே இருக்குல்ல, அத அடிச்சு விடுங்கம்மா" என்றார்.

"அது எனக்கு எழுதிக் குடுத்தது. இவளுக்கு எது குடுக்கணும்னு வர்றவங்க சொல்லட்டும்."

நாத்தனாரின் கணவர் கையைப் பிசைந்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரம்லா. வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா என்ன நெனைப்பாங்க?"

"சம்பந்தியம்மா உசுரோட இருக்காங்கன்னு நெனைப்பாங்க" என்றார் அக்கா. பிறகு கூட்டத்தை விலக்கி, ஜன்னலைத் திறந்து, நாத்தனாரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தார். யாரையும் கிட்டே விடவில்லை.

நாத்தனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, உங்களுக்கு இருக்கறதுதான் எனக்குமா? அந்தச் சின்னக் குழாயா?"

"தெரியாது. அத நாம சொல்லக் கூடாது. பாத்துட்டு அவங்க சொல்லுவாங்க. நீ பேசாம மூச்சு விடு."

ஆம்புலன்சும் மாப்பிள்ளை வீட்டு வேனும் ஒரே நேரத்தில்தான் வந்தன. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள் ஓரமாக ஒதுங்கி ஸ்ட்ரெச்சருக்கு வழி விட்டார்கள். அக்காவும் ஏறிக்கொண்டார். நாத்தனாருக்குப் பெரிய குழாயிலேயே அடைப்பு இருந்தது, மாரடைப்பு. அன்றே குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். வாயு என்று இன்னும் கொஞ்ச நேரம் வீட்டிலேயே வைத்திருந்தால் பிழைப்பது கஷ்டம் என்று அங்கே சொன்னதாக மறுநாள் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு, பெண்ணின் அம்மா எழுந்து வந்து வாங்கிக்கொள்ளட்டும், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

நாத்தனார் பழைய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மம்பாவில் இருக்காமல், அண்ணன் வீட்டில் அண்ணியோடு சில மாதங்கள் இருந்தார். அதுவே போதும் என்று அக்கா நினைத்திருக்க வேண்டும். அவரும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

எனக்கு மறுபடி ஜொகூருக்கே மாற்றல் கிடைத்தது. போன பிறகு ஒரு பள்ளி விடுமுறையில் மந்தினுக்கு வந்தேன். காலையில் தோட்டத்துப் பக்கம் போனால் அக்காவைப் பிடிக்கலாம் என்றார்கள். செம்பனைச் சாலையில் திரும்புவதற்கு முன்பே குரல் கேட்டது. அப்புறம்தான் ஆள் தெரிந்தார். நீலக் கேன்வாஸ் சப்பாத்து, தலையில் துண்டு. பக்கத்தில் நாத்தனார். பின்னால் தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர். எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் பேசிக்கொண்டு நடந்தார்.

நானும் சேர்ந்துகொண்டேன். "இப்படிப் பேசிக்கிட்டே நடந்தா மூச்சு வாங்காதாக்கா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் பேசறேன் டீச்சர். பேச முடியற வேகத்துலதான் நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. பேச்சு திணறினா வேகம் கூடிருச்சுன்னு அர்த்தம்."

"டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியும் அண்ணி இப்படித்தான்" என்றார் நாத்தனார். பெண்கள் சிரித்தார்கள். அக்காதான் அதிகமாகச் சிரித்தார்.

நாத்தனார் மகளின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றித்தான் பேச்சு. பாரோயில் ஒரு மண்டபம் பார்த்திருந்தார்கள். சாலை மேடேறியது.

"மாப்பிள்ளை வீட்டுல அந்த மண்டபத்தையே புடிச்சுரலாம்னு நிக்கறாங்க டீச்சர். மேல் மாடியாம், நல்ல காத்தாம். பொண்ணு வீட்டுக்காரங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டாங்க. எல்லாரும் என்னப் பாக்கறாங்க. நான் என்ன சொன்னேன்னா..."

நின்றார். கை நெஞ்சுக்குப் போனது.

எல்லாரும் நின்றார்கள். யாரும் பதறவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. நாத்தனார் அவர் முழங்கையைப் பிடித்து, சாலையோரத்துக் கல்வெர்ட்டுத் திண்டில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அக்கா இடுப்புப் பையிலிருந்து ஸ்பிரேயை எடுத்து நாக்கைத் தூக்கி அடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். மரங்களுக்கு உள்ளே எங்கோ குலை வெட்டிப்போடும் சத்தம் கேட்டது. ஒரு மோட்டார் சைக்கிள் எங்களைக் கடந்து போனது, ஓட்டியவர் தலையை அசைத்துவிட்டுப் போனார். நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றிச் சுருக்கம் மெல்ல மெல்ல விரிந்தது. கண்ணைத் திறந்தார். எழுந்து நின்று துண்டைச் சரிசெய்துகொண்டு, முன்பைவிட மெதுவாக நடக்கத் தொடங்கினார்.

"லிஃப்ட் இல்லாத மண்டபம் நமக்கு வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார்.